கரண்ட் வருது

கிட்டே வாருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்டே. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்துவிடுங்கள். இது உரக்கச் சொல்லுகிற கதை இல்லை. ராஜா கிடையாது, ராணி கிடையாது. ஒரு பழைய கார், அதில் ஏறமாட்டேன் என்று சொன்ன ஒருத்தி, எப்படியாவது அவளை ஏற்றிவிட வேண்டும் என்று இருப்புக் கொள்ளாமல் தவித்த ஒரு மனிதர், இவ்வளவுதான். ஆனாலும் உங்களை வெறுங்கையோடு எழுப்பி அனுப்பமாட்டேன். அதற்கு நான் பொறுப்பு.

தெருவெல்லாம் வெயில் காய்கிற ஒரு மத்தியானம். வெளிறிப்போன நீலக் கார் ஒன்று வீட்டு வாசலில் நிற்கிறது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் தலைகீழாகக் கிடக்கிறார். தலை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பாதங்கள். கால் வைக்கிற இடத்தில் தலை. வாயில் ஒரு சின்ன டார்ச். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ துழாவுகிறார். வியர்வை நெற்றியிலிருந்து மேல்நோக்கி, அதாவது தலைமுடிக்குள், ஓடுகிறது. அந்த வழியாக வந்த அவருடைய தங்கை, கையில் பையோடு நின்று அந்தப் பாதங்களைப் பார்த்தாள்.

"அண்ணா, தெருவுல போறவங்க எல்லாம் உன் பாதத்துக்குக் கும்பிடு போட்டுட்டுப் போறாங்க. உண்டியல் ஒண்ணு வெச்சுடலாமா?"

டார்ச் வாயில் இருந்ததால் அவரால் "ம்ங்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதில் ஒரு வசவு இருந்தது என்று தங்கைக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். டாக்டர் எழுதிக்கொடுக்கிற பவருக்கு வருகிற வட்டக் கண்ணாடியை, ஆளாளுக்கு ஒரு வடிவில் இருக்கிற சட்டத்துக்குள் அச்சாகப் பொருந்தும்படி ஓரம் தேய்த்துக் கொடுப்பது அவர் வேலை. மயிரிழை கூடினால் உட்காராது, மயிரிழை குறைந்தால் கழன்று விழும். அப்படி வேலை செய்து பழகிய கை சும்மா இருக்காது. அதிலும் மனைவிக்கு ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கைகளுக்கு வெறி பிடித்துவிட்டது. ஒழுகாத குழாயைக் கழற்றி ஒழுக வைத்தார். கிறீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் விட்டார். கிறீச்சிடாத கதவுக்கும் விட்டார். சரியாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைத் துடைத்து மாட்டினார், அது அன்றிலிருந்து எல்லோரையும் அவசரப்படுத்த ஆரம்பித்தது. கடைசியில் கார் மாட்டியது.

காரை அவர் தேடிப் போகவில்லை. அவள்தான் அனுப்பினாள்.

மார்பில் இடது பக்கம் ஒரு கட்டி. எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு டாக்டரம்மா ஏதோ ஒரு நீளமான வார்த்தை சொன்னார். வெளியே வந்ததும் சீட்டு எழுதுகிறவர் அதைத் தமிழ்ப்படுத்தினார்: "கரண்ட் வைக்கணும்மா. தினமும் வரணும், சில வாரம். பயப்படாதீங்க." புண் ஆறியதும் தொடங்க வேண்டும், தள்ளிப் போடக் கூடாது, அந்த இடத்தில் வியர்வையும் ஈரமும் தங்கக் கூடாது. இவ்வளவும் சொல்லித்தான் அனுப்பினார்கள். தொடங்க வேண்டிய வாரம் வந்தது. அந்த வாரம் பார்த்துக் காரில் குளிர்காற்று நின்றது. பொத்தானில் விளக்கு எரிகிறது, எஞ்சின் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம்கூடக் கேட்கிறது. துவாரங்களில் மூச்சே இல்லை.

"இந்த வெயில்ல, ஏசி இல்லாத கார்ல, அவ்வளவு தூரம் நான் வரமாட்டேன்" என்றாள் அவள். "வேர்வை படக்கூடாதுன்னு டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க. சரி பண்ணுங்க. வரேன்."

"வாடகைக் கார் ஒண்ணு வெச்சுக்கலாமே."

"ஊரான் கார்ல, இந்த நிலமையிலயா? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசிக்கவில்லை. மறுநாளே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் பட்ட பாட்டைக் கேளுங்கள். முதலில் 'கேஸ் போயிருக்கும்' என்று ஏசிக்காரரிடம் ஓட்டிக்கொண்டு போனார். அந்த ஆள் கடிகாரம் மாதிரி இரண்டு மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "சார், உங்க ஏசி நல்லாத்தான் இருக்கு. காத்தத் தள்ளுற ஃபேன் ஓடல. ப்ளோயர். பொங்கி நிக்கிற பாலு மாதிரி குளுரு உள்ள நிக்குது, ஊத்தத்தான் ஆளில்ல. விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க" என்றார். நல்ல மனிதர். உள்ளதைச் சொன்னார். ஆனால் இவர் விட்டுவிட்டு வரவில்லை. "நானே பாத்துக்கறேன்" என்று திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். ஏன் என்று அவரைக் கேட்டிருந்தால், அப்போது அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே கம்பி முழுசாக இருந்தது. நம்பிக்கை வராமல் இன்னொன்று வாங்கிப் போட்டார். பிறகு ரிலே, அதாவது கரண்டைத் திறந்து மூடுகிற சின்னப் பெட்டி. ஹார்னுக்கு இருக்கிற ரிலேயும் ப்ளோயருக்கு இருக்கிற ரிலேயும் ஒரே ஜாதி என்று யாரோ சொன்னார்கள். ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி இங்கே மாட்டிப் பார்த்தார். ப்ளோயர் அசையவில்லை. அலுப்பில் அதைப் பழைய இடத்தில் வைக்க மறந்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். முச்சந்தியில் ஒரு வண்டி குறுக்கே வந்தபோது ஹார்னை அழுத்தினால் ஊமை. தலையை வெளியே நீட்டி "ஹார்ன்! யோவ், ஹார்ன்!" என்று தன் வாயாலேயே கத்த வேண்டியதாயிற்று. அந்தக் கதையை ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். அவள் சிரித்தாள். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கும் என்று கையை அங்கே வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து டெஸ்ட் பல்பு. ஒரு சின்ன பல்பு, அதற்கு இரண்டு வயர். ஒன்றைக் காரின் இரும்பில் வைத்து, மற்றதை ப்ளோயருக்கு வருகிற வயரில் தொட்டால், கரண்ட் வந்தால் எரியும், வராவிட்டால் எரியாது. தொட்டார். எரியவில்லை. 'அப்போ வழியில எங்கயோ அறுந்திருக்கு' என்று முடிவுகட்டி, ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டு போனார். மூடிகளைக் கழற்றினார். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு தட்டில் போட்டு வைத்தார். தட்டு நிறைந்துகொண்டே போனது, கார் காலியாகிக்கொண்டே போனது.

இதையெல்லாம் சன்னலுக்கு உள்ளேயிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தையல்காரி. பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பு, வீடுகளுக்குத் திரைச்சீலை என்று மொத்தமாக எடுத்துத் தைக்கிறவள். துணியை அடுக்கடுக்காக வைத்து வெட்டுகிற மோட்டார் மெஷின் ஒன்று அவளிடம் உண்டு. தைத்த மூட்டைகளை அந்தக் காரில்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இப்போது கனமாக எதையும் தூக்கக் கூடாது என்பதால் சும்மா உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். அதை முதல் நாளே தெரிந்துகொண்டாள். நின்றுபோவதற்கு முன் அந்த ப்ளோயர் சில நாள் ஒரு விளையாட்டுக் காட்டியது. கார் குழியில் இறங்கினால் ஓடும், ஏறினால் நிற்கும். ஓடும்போது தொண்டை கட்டியவர் மாதிரி ஒரு கீச்சுக் குரல். அவளுடைய வெட்டும் மெஷினும் இதையேதான் செய்யும். மோட்டாருக்குள் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்டைக் கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு கரித்துண்டு இருக்கும். கார்பன் என்பார்கள். தேய்ந்து குட்டையாகிவிட்டால் எட்டாது. தட்டினால் எட்டும், ஓடும், மறுபடி நிற்கும். புதுசு போட்டால் தீர்ந்தது. புதுக் கார்பன் ஒரு ஜோடி அவள் மேசை இழுப்பறையில், உபரி ஊசிகளுக்கும் சாக்கட்டிக்கும் நடுவில், தாளில் சுற்றிக் கிடந்தது.

தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. கார் சரியாகிவிட்டால் போக வேண்டும். போனால் கரண்ட் வைப்பார்கள்.

கரண்ட் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒரு மழைக்காலத்தில் இஸ்திரிப் பெட்டியின் வயர் தோலுரிந்திருந்ததைப் பார்க்காமல் இடது கையால் பிடித்துவிட்டாள். அது பிடித்துக்கொண்டது. கத்தக்கூட முடியவில்லை, பல் கிட்டிவிட்டது, நெஞ்சுக்குள் யாரோ முஷ்டியை விட்டுப் பிசைவது போல் இருந்தது. கணவர் ஓடிவந்து அளவுக் குச்சியால் வயரைத் தட்டிவிட்ட பிறகுதான் கை விடுபட்டது. அந்தக் கை அப்புறம் நெடுநேரம் அவளுடையதாகவே இல்லை. இப்போது அதே இடது பக்கம், நெஞ்சுக்கு நேர் மேலே, தினமும், சில வாரம், வேண்டுமென்றே வைக்கப் போகிறார்கள். கட்டிப்போட்டு வைப்பார்களா? வாயில் துணி கொடுப்பார்களா? படிப்பில்லாதவள் இல்லை அவள். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால்?

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். "என்னம்மா, போன வாரமும் வரல, இந்த வாரமும் வரல? திங்கக்கிழம கட்டாயம் வந்துடணும். இதுக்கு மேல தள்ளினா நல்லதில்லன்னு டாக்டர் ரொம்பக் கோவமா இருக்காங்க."

"கார் ரிப்பேருங்க. ஏசி ஓடல."

"ஏசியா?" என்றாள் நர்ஸ். தான் கேட்டது சரிதானா என்று ஒரு கணம் சந்தேகப்பட்டாள் போலிருக்கிறது. "ஆட்டோ பிடிச்சாவது வாங்கம்மா."

போனை வைத்துவிட்டு அவள் மறுபடி பட்டனை எடுத்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

சனிக்கிழமைதான் அந்தத் தலைகீழ் மத்தியானம். டெஸ்ட் பல்பின் ஒரு வயரை இத்தனை நாளும் பெயிண்ட் அடித்த இடத்தில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். பெயிண்டுக்கு மேல் வைத்தால் இரும்பைத் தொட்டதாகுமா? அன்றைக்குத்தான் புத்தி வந்து, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, பளபளவென்று வெள்ளி தெரிந்த இடத்தில் வைத்தார். பல்பு எரிந்தது. வயரெல்லாம் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. டார்ச்சைத் துப்பிவிட்டுத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"கரண்ட் வருது! ஏய், இங்க பாரு, கரண்ட் வருது!"

உள்ளே அவள் விரலில் ஊசி ஏறியது.

மூன்று ஸ்க்ரூ. இரண்டு கண்ணுக்குத் தெரியும், மூன்றாவது எங்கோ பின்னால் ஒளிந்திருந்து விரல் நுனிக்கு மட்டும் தெரியும். முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு கடைசியில் ப்ளோயரைக் கழற்றி எடுத்தார். கீழே மோட்டார், மேலே கூண்டு மாதிரி ஒரு வட்ட விசிறி. பிறந்த குழந்தையைத் தூக்கி வருவது போல இரண்டு கையிலும் ஏந்தி வந்து, அவளுடைய வெட்டும் மேசையில் ஒரு பழைய விரிப்பை விரித்து வைத்தார். அவர் தங்கை ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைத் தன் வீட்டிலிருந்து எடுத்துவரப் போயிருந்தாள்.

"பாரு, இதுதான் சுத்த விடாம பண்ணியிருக்கு" என்று விசிறியின் அடியைக் காட்டினார்.

நூல். அச்சைச் சுற்றி இறுக்கமாக, கூடு மாதிரி, பல வருஷத்து நூல். மூட்டைகளிலிருந்து உதிர்ந்ததையெல்லாம் அந்த விசிறி உறிஞ்சி உறிஞ்சித் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவள் குனிந்து பார்த்தாள். மேலே சாம்பல், அது போன வருஷத்துச் சீருடை. அதற்குள்ளே மஞ்சள், ஒரு சங்கீத டீச்சர் வீட்டுத் திரைச்சீலை. இன்னும் உள்ளே பச்சை.

"ஆஸ்பத்திரி விரிப்பு" என்றாள்.

"என் காருக்குள்ளயே தையல் கடை வெச்சிருக்க நீ."

"வாடகை கேப்பீங்களா?" என்று சொல்லிக்கொண்டே, தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்து நூலை அறுக்கத் தொடங்கினாள். அவருக்கு அந்த வேலை வராது. அவர் பிடித்திருந்தார், அவள் அறுத்தாள். பல நாளுக்குப் பிறகு இருவர் தலையும் ஒரே பொருளின் மேல் குனிந்திருந்தன.

அவர்தான் வாய் ஓயாதவர் ஆயிற்றே, ஆரம்பித்தார். "கரண்ட் இது வரைக்கும் ஜோரா வருது. இதுக்குள்ள போனதும் என்னமோ ஆகுது. உள்ள எதையோ எரிச்சிருக்கணும். அதான் செத்துப் போச்சு."

கத்தி நின்றது.

"இதுல எவ்வளவு கரண்ட் வரும்?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இதுவா? பன்னெண்டு வோல்ட்டு. இது ஒண்ணும் பண்ணாது. வெறுங்கையால தொடலாம்."

"வீட்டுல வரது?"

"அது ஆளையே தூக்கிப் போடும். உனக்குத் தெரியாததா?"

"ம்." ஒரு பச்சை நூலை இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. "அப்ப அங்க எனக்கு வைக்கறது?"

அவர் கையிலிருந்த மோட்டார் மேசையில் 'டொக்' என்று உட்கார்ந்தது. அவளைப் பார்த்தார். ஏசி, வெயில், வியர்வை, ஊரான் கார் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் போர்த்திய போர்வை என்று அவருக்கு அப்போது விளங்கியது. விளங்கியதும் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

"எனக்கும் தெரியல" என்றார்.

"டாக்டரம்மாகிட்ட கேக்கலயா நீங்க?"

"நீ பக்கத்துலயே உக்காந்திருந்தே. உன்ன வெச்சுக்கிட்டு எப்படிக் கேக்கறது? அவங்க பாட்டுக்கு எதாவது சொல்லிட்டா?"

"நீங்க இருந்தீங்கன்னுதான் நானும் கேக்கல. உங்களுக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம் வரும்."

சூட்டுக்கோலோடு உள்ளே வந்த தங்கை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்த லட்சணத்தைப் பார்த்து, "என்ன, செத்துப் போச்சா?" என்று மோட்டாரைக் காட்டிக் கேட்டாள். விஷயத்தைச் சொன்னார்கள். அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"ரெண்டு பேரும் லூசா? ஏன் அண்ணி, உடம்பு முழுக்கவா வைப்பாங்க? அந்த இடத்துல மட்டும்... கொஞ்சமா..." என்று ஆரம்பித்து, பாதியில் அவளுக்கும் சுருதி இறங்கிவிட்டது. அவளுக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது. எல்லோரும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

தங்கைதான் போனை எடுத்தாள். நர்ஸைக் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தாள். "எங்க அண்ணி ஒண்ணு கேக்கணுமாம்."

அண்ணி போனை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தங்கை பக்கமே திருப்பி நகர்த்தினார். கடைசியில் தங்கையே, "அந்தக் கரண்ட்... அது எத்தன வோல்ட்டு?" என்று கேட்டுவிட்டாள்.

நர்ஸ் சிரித்தாள். இந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அம்மா, கேக்குதா? அது கரண்ட்டே இல்லம்மா. சும்மா பேருக்குச் சொல்றது. உங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்களே, ஷாக் அடிச்சுதா?"

"இல்ல" என்றாள் அவள். அந்தப் போனில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அந்த மாதிரி ஒரு கதிருதான், கொஞ்சம் பலமானது. நீங்க படுத்திருப்பீங்க, மெஷின் உங்களச் சுத்தி வரும், எழுந்து வந்துடுவீங்க. போகப் போகத் தோல் கறுக்கும், எரியும், அசதியா இருக்கும். அதெல்லாம் உண்டு, நான் பொய் சொல்லல. ஆனா ஷாக் கிடையாது. உங்க மேல ஒரு வயரும் படாது."

"வயரே இல்லயா?"

"வயரே இல்ல."

"அப்புறம் ஏன் கரண்ட்னு சொல்றீங்க?" என்று கேட்டாள் அவள். இத்தனை நாள் தொலைத்த தூக்கமும் அந்தக் கேள்வியில் இருந்தது.

நர்ஸ் சற்று யோசித்தாள். "நான் வேலைக்குச் சேந்தப்பவே அப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்கம்மா" என்றாள்.

போன் அணைந்ததும் தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு, காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். அண்ணி எழுந்து மேசை இழுப்பறையைத் திறந்து, தாளில் சுற்றிய கார்பன் ஜோடியை எடுத்து, அவர் முன்னால் வைத்தாள்.

"அதுல கார்பன் தேஞ்சு போச்சுங்க. உள்ள திறந்து பாருங்க, குட்டையாயிருக்கும். இது என் மெஷினுக்கு வாங்கினது, அதவிடக் கொஞ்சம் பெருசு. நீங்க தேச்சு அளவுக்குக் கொண்டுவந்துடுவீங்க."

அவர் தாளைப் பிரித்துப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கரித்துண்டைப் பார்த்தார்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"மொதல் நாள்லேருந்து."

"நான் தலைகீழாத் தொங்கிட்டிருந்தப்பவும்?"

"அப்பவும்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். செருப்புப் போடாமல் போனார். காரை ஒரு சுற்று சுற்றினார், முனை வரைக்கும் போனார், திரும்பினார், மறுபடி சுற்றினார். முழங்கைச் சிராய்ப்பும், முச்சந்தியில் பைத்தியக்காரன் மாதிரி கத்தியதும், தட்டு நிறைய ஸ்க்ரூவும் ஒவ்வொன்றாக அவருக்குள் எழுந்து வந்து சண்டைக்கு நின்றன. உள்ளே போய்க் கத்தியே தீருவது என்றுதான் திரும்பி வந்தார். வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். வந்தவர் கத்தவில்லை. காரின் சூடான கூரையில் கையை வைத்து, சுட்டதும் எடுத்துக்கொண்டார்.

"ஏசிக்காரர் அன்னிக்கே விட்டுட்டுப் போங்கன்னாரு" என்றார், அவளைப் பார்க்காமல். "விட்டிருந்தா அன்னிக்குச் சாயங்காலமே ஓடியிருக்கும். நான்தான் விடல. சரியாயிட்டா உன்னக் கூட்டிட்டுப் போகணுமேன்னு... எனக்கும்தான்..."

முடிக்கவில்லை. "உள்ள வாங்க, காப்பி ஆறுது" என்றாள்.

அன்று மாலை கடையில், லென்ஸ் ஓரம் தேய்க்கிற சக்கரத்தில், தண்ணீர் விடாமல் அந்தக் கரித்துண்டுகளைத் தொட்டும் தொடாமலும் வைத்துத் தேய்த்தார். விரலெல்லாம் கருப்பு. சட்டத்தில் லென்ஸ் உட்காருகிற மாதிரி மோட்டாரின் காடிப் பள்ளத்துக்குள் கார்பன் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஈயம் வைத்து வயரை ஒட்டி, மோட்டார் மூடியின் தகரக் காதுகளை மடித்து மூடினார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி தலைகீழாகக் கிடந்து மாட்டினார். இந்த முறை டார்ச்சை அவள் பிடித்தாள். சாவியைத் திருப்பியதும் துவாரங்கள் ஒரு தும்மல் தும்மின. சருகுத் தூள், பஞ்சு, ஒரு செத்த வண்டு, எல்லாம் அவர் முகத்தில் வந்து விழுந்தன. அப்புறம் காற்று. கொஞ்ச நேரத்தில் அது குளிர்ந்தது. ஸ்க்ரூ தட்டில் இன்னும் சில மிச்சமிருந்தன. எதற்கானவை என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை போனார்கள். வழியெல்லாம் குளிர்காற்று வந்தது. தெரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்று யார் சொன்னது, கண்ணுகளா? அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அவர் தேவையில்லாத இடத்தில் எல்லாம் கியர் மாற்றினார்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் நீளமான ஒரு நடை. கடைசியில் தடித்த கதவு, அதற்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு. அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். கதவு மெதுவாக, மிக மெதுவாக மூடியது. விளக்கு எரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர் உடனே எழுந்தார். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தார். படித்து முடித்தபோது அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. பெஞ்சின் கை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து அதன் ஸ்க்ரூவைக் கட்டைவிரல் நகத்தால் முறுக்கத் தொடங்கினார். நகம் பிய்ந்தது. விளக்கு அணைந்ததை அவர் பார்க்கவில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தார்.

அவள் இரண்டு கையாலும் தன்னைக் கட்டிக்கொண்டு வந்தாள். பல் கிடுகிடுவென்று அடித்தது. அவர் எதிரே ஓடினார்.

"என்னாச்சு? என்ன பண்ணாங்க?"

"அந்த ரூம்ல ஏசிய எப்படி வெச்சிருக்காங்க, பாவிங்க! எலும்பு வரைக்கும் குளுருதுங்க. மெஷின் சூடாகக் கூடாதாம். ஆள் வெறச்சா பரவாயில்லயாம்."

"வலிச்சுதா?"

"எது?"

"அந்த... கரண்ட்."

"அது எப்ப வந்துது, எப்ப போச்சு? எனக்கு ஒண்ணும் தெரியல." சொல்லிவிட்டு நடையின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். அவர் தோளைப் பிடிக்க வந்தார். வேண்டாம் என்று தலையசைத்தாள். அப்புறம் அவளே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது அந்தக் கை.

காரில் ஏறியதும் அவர் வழக்கமான பெருமையோடு பொத்தானைத் தட்டினார். துவாரங்கள் உடனே மூச்சு விட்டன, கீச்சுக் குரல் இல்லாமல், ஜில்லென்று. அவள் கையை நீட்டி அதை அணைத்தாள்.

"ஏய்! இப்பத்தான..."

"நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றாள்.

அவர் சாவியில் வைத்த கையோடு அப்படியே இருந்தார். நாளைக்கு என்று அவள் சொன்னதை அவர் காது திரும்பக் கேட்டது. அவள் அதற்குள் கதவிலிருந்த கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தாள். அது பாதியில் சிக்கியது. ஒரு குத்து விட்டதும் இறங்கியது. கார் தெருவுக்கு வந்தது. வெயிலில் காய்ந்த காற்று, தாரும் புகையும் மண்ணும் கலந்து, அடுப்பைத் திறந்தாற்போல உள்ளே வந்தது. அவள் இடது கையை வெளியே நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, அந்தச் சூட்டில் காட்டிக்கொண்டே வந்தாள். முன்னால் ஒரு லாரி நகராமல் நின்றது. அவர் ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தார்.

இவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்ந்து கேட்டீர்களே, உங்கள் வீட்டுச் சன்னல்கள் சிக்காமல் திறக்கட்டும். சில்லிட்ட கையோடு யார் வந்தாலும் பிடித்துக்கொள்ள அங்கே சூடான கை ஒன்று இருக்கட்டும். உங்கள் வீட்டில் படுக்கப் போகிற ஒவ்வொருவர் வாயிலும் 'நாளைக்கு' என்கிற சொல் சுலபமாக வரட்டும். போய் வாருங்கள், கண்ணுகளா. பார்த்துப் போங்கள்.